வயரை வெட்டுறதுக்கு முன்னாடி

வாங்கண்ணே, உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, பரவாயில்ல. பையைக் கீழ வைங்க. வயர் வெட்டுற கட்டரை மட்டும் இப்போ வெளியில எடுக்காதீங்க.

நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் சொல்ல வேண்டாம். மாசக் கடைசியில நெட் லைனை வெட்டச் சொல்லப் போறேன்னு எங்க வீட்டுக்காரர் ஓசூர்ல இருந்து போன்ல சொல்லி இன்னியோட ஒன்பது நாள் ஆச்சு. இன்னிக்கு மாசக் கடைசி. வாசல்ல நீங்க வந்து நிக்கிறீங்க. இதுல புரியாம இருக்க என்ன இருக்கு?

வெட்டுங்க. நான் உங்க கையைப் பிடிச்சுத் தடுக்கப் போறதில்ல. ஆனா அதுக்கு முன்னாடி இந்த வீட்ல என்ன நடந்துச்சுன்னு வெளியாள் ஒருத்தர் கேக்கணும். ஒன்பது நாளா ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் சொல்றாங்க, யாரும் கேக்கல. பத்தே நிமிஷம். அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க, வர எப்படியும் ஆறு ஆயிரும். நீங்க பேச வேண்டாம்ணே, கேட்டா போதும்.

எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

என் பேரு நித்யகல்யாணி. தென்காசிப் பக்கம். கோவில்பட்டிக்குக் கட்டிக் குடுத்து மூணு வருஷம். நான் கான்வென்ட்ல படிச்சவ. எங்க அத்தைக்கு அது பெரிய குத்தம். நான் எது பேசினாலும் 'கான்வென்ட் வாய்'தான். குழம்புல உப்பு கம்மின்னு சொன்னாக்கூட, "கான்வென்ட் வாய்க்கு உறைக்காது"ம்பாங்க. அந்தக் கான்வென்ட்ல எனக்குக் கிடைச்சது ரெண்டு. ஒண்ணு பாட்டு. காலை பிரேயர்ல முதல் வரிசை நான். இன்னொண்ணு அதோ, மேசை மேல இருக்கே, அந்த லேப்டாப். பிளஸ் டூவுல அரசாங்கம் குடுத்தது. பேட்டரி செத்து நாலு வருஷம் ஆச்சு, பிளக்ல இருந்தாத்தான் உயிர். ஆன் ஆகுறதுக்குள்ள ஒரு உலை கொதிச்சிரும். ஆனா ஆன் ஆயிரும்ணே. இதுவரைக்கும் என்னைக் கைவிட்டதில்ல.

அந்த லேப்டாப்ல இருந்துதான் நான் லைவ் போடுறேன். செவ்வாய், வெள்ளி, சாயங்காலம் ஏழு மணி. அரை மணி நேரம் பாட்டு. நான், என் குரல், ஒரு சுருதிப் பெட்டி. அதுகூடப் பெட்டி இல்ல, போன்ல ஓடுற சுருதிதான்.

எதுக்கு இதெல்லாம்னு எல்லாரும் கேட்டாங்க. காசுக்கா, பேருக்கா, யாருக்குக் காட்டன்னு. நான் யாருக்கும் பதில் சொல்லல. உங்ககிட்ட சொல்லலாம், நீங்க நாளைக்கு வேற தெருவுக்குப் போயிடுவீங்க. பாப்பா பிறந்ததுல இருந்து எனக்கு ஒரு பழக்கம். அவ தூங்கினா மூக்குகிட்ட விரலைக் கொண்டுபோய் மூச்சு வருதான்னு பாப்பேன். முதல்ல மணிக்கு ஒரு தடவை. அப்புறம் பத்து நிமிஷத்துக்கு. அப்புறம் விரலை எடுக்குறதே இல்ல. பயம்னு இல்லண்ணே, பழக்கம். டாக்டரம்மா தட்டிக் குடுத்து, "பிள்ளை கல்லு மாதிரி இருக்கு, நீதான் காத்தா ஆயிட்ட, போய்த் தூங்கு"ன்னாங்க. தூக்கமா வரும்? விளக்கு வைக்கிற நேரம் ஆனா நெஞ்சுக்குள்ள யாரோ ஈரத்துணியைப் பிழியுற மாதிரி இருக்கும்.

ஒரு நாள் அந்த நேரத்துல சும்மா பாடிப் பாத்தேன். பாடி முடிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, அவ்வளவு நேரமும் கை என் மடியிலயே இருந்திருக்கு. மறுநாள் லைவ் போட்டேன். பதினோரு பேர் பாத்தாங்க. பதினோரு பேர் கேட்டுக்கிட்டு இருக்கும்போது ஒண்ணும் ஆயிடாதுன்னு எனக்கு ஒரு... சரி, அதை விடுங்க.

லைவ்னா போனைத் தூக்கி வச்சுப் பாடுறது இல்ல. எனக்கு எவ்வளவு யோசனை தெரியுமா? இந்த ரூமுக்குள்ள வைஃபை வந்து வந்து போகும். பாட்டு நடுவுல நான் வாயைத் திறந்தபடியே செலையா நிப்பேன். அதனால ஹால்ல டிவி பக்கத்துல இருக்கிற உங்க மோடத்துல இருந்து வயரை நேரா லேப்டாப்புக்கு இழுத்தேன். அந்த வயர் இந்த நிலைப்படி மேல வரணும். இது பழைய தேக்குக் கதவு, சாத்தினா நிலையில போய் இறுக்கமா உக்காரும். ஒரு தடவை சாத்தினேன், வயர் நசுங்கி லைனே போச்சு. நீங்கதானே வந்து மாத்திக் குடுத்தீங்க? இல்ல, அது வேற அண்ணன். அன்னியில இருந்து லைவ் நேரத்துல கதவு திறந்தேதான் இருக்கும். இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

அடுத்தது எதிரொலி. வெறும் செவரு, பாடினா கெணத்துக்குள்ள இருந்து கத்துற மாதிரி இருந்துச்சு. ஸ்டுடியோல பஞ்சு ஒட்டுவாங்களாம். நான் எங்க போக பஞ்சுக்கு? பீரோவைத் திறந்தேன். உள்ள முழுக்கத் துணி. எங்க வீட்டுக்காரர் சட்டை, என் சேலை, பாப்பாவோட போர்வை. ரெண்டு கதவையும் விரியத் திறந்து அதுக்குள்ள முகத்தை வச்ச மாதிரி நின்னு பாடினா, அடடா, குரல் வெண்ணெய் மாதிரி வந்துச்சுண்ணே. நடுத்தட்டுல சட்டைங்க மேல போனை நிறுத்தினேன், அதுதான் கேமரா. துணி மாட்டுற கம்பியில மைக்கை மாட்டினேன். ஒரு பைசா செலவில்ல.

அதுக்கு அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா? "வெள்ளிக்கிழமை, விளக்கு வச்ச நேரம், எந்த வீட்லயாவது பீரோவைப் பப்பரப்பான்னு திறந்து போடுவாளா? இருக்கிற லட்சுமியும் எந்திரிச்சுப் போயிருவாடி." நான், "லட்சுமி பாட்டுக் கேட்டுட்டு உள்ளயே உக்காந்திருப்பா அத்தை"ன்னேன். "கான்வென்ட் வாய்"ன்னுட்டு உள்ள போனாங்க. போனவங்க சும்மா இருந்தாங்களா? அடுத்த வெள்ளிக்கிழமை பாத்தா, பீரோ லாக்கர்ல இருந்த அவங்க நகையெல்லாம் எடுத்து அரிசி டிரம்முக்குள்ள வச்சிட்டாங்க. பீரோ காலி, இனிமே நீ எப்படி வேணாத் திறந்து போடுன்னு அர்த்தம். எவ்வளவு குத்தல் பாருங்க.

இது மட்டும் இல்ல. ஏழு மணிக்கு அவங்களுக்கு ஒரு சீரியல் உண்டு. நான் பாட ஆரம்பிச்ச உடனே டிவி சத்தத்தைச் சுத்தமா அமுக்கிட்டு வெறும் படத்தைப் பாப்பாங்க. அரை மணி நேரம். ஊமைப்படம் மாதிரி. யார் என்ன பேசுறான்னு தெரியாம, அவங்க அழுதா இவங்களும் கண்ணைத் துடைச்சுக்குவாங்க. உன்னால என் சீரியல் போச்சுன்னு சொல்லாம சொல்றாங்களாம். பாப்பாவையும் என்கிட்ட விட மாட்டாங்க. ஆறே முக்காலுக்கே வந்து தூக்கிட்டுப் போய் மடியில போட்டுக்குவாங்க. பிள்ளையை என்கிட்ட இருந்து பிரிக்கிறதுல அப்படி ஒரு ஆசை. எல்லாத்தையும் சகிச்சுக்கிட்டேன்.

பாட்டைப் பத்தியும் சொல்லணும். அடுத்தவங்க பாட்டைப் பாடினா கம்பெனிக்காரங்க சத்தத்தை அமுக்கிடுவாங்க, நான் கண்ணாடித் தொட்டி மீன் மாதிரி வாயை வாயைத் திறப்பேன். அதனால எல்லாம் நானே எழுதி நானே மெட்டுப் போட்டது. பதினோரு பேர் நாப்பது பேர் ஆனாங்க. நாப்பது இருநூறு ஆச்சு. மஸ்கட்ல இருந்து ஒரு நர்ஸ் அக்கா, வேலைக்குப் போறதுக்கு முன்னாடி கேப்பாங்களாம். சிவகாசியில ஒருத்தர், "எங்கம்மா படுக்கையில இருக்காங்க, உங்க பாட்டு வச்சா சாப்பாடு வாங்கிக்கிறாங்க"ன்னு எழுதியிருந்தார். வெளியூர்க்காரங்களுக்கு இருக்கிற ரசனை உள்ளூர்க்காரங்களுக்கு இல்ல. சரி.

இப்போ சஷ்டிக்கு வர்றேன்.

எங்க அத்தை கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருப்பாங்க. பாலும் பழமும் மட்டும். அவங்க விரதம் இருக்கிறது ஊருக்கே தெரியும், ஏன்னா அவங்களே ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்லிடுவாங்க. அவங்க தங்கச்சி சாத்தூர்ல இருக்காங்க, சரோஜா சித்தி. அவங்களுக்குச் சர்க்கரை, விரதம் இருக்க முடியாது. ஒவ்வொரு வருஷமும் அத்தை அவங்களைக் கூப்பிட்டு, "நீ சாப்பிடு சரோஜா, உனக்கும் சேத்து நான் இருக்கேன்"ம்பாங்க. சித்தி அந்தப் பக்கம் பல்லைக் கடிக்கிறது இங்க கேக்கும்.

இந்த வருஷம் அஞ்சாம் நாள் வெள்ளிக்கிழமை. முருகன் பாட்டு புதுசா எழுதி வச்சிருந்தேன். அறுநூத்துப் பன்னெண்டு பேர்ணே. அறுநூத்துப் பன்னெண்டு! என் வாழ்க்கையில நான் அவ்வளவு பேரை மொத்தமாப் பாத்தது இல்ல. பாட்டு நல்லா ஏறி வந்துக்கிட்டு இருக்கு. அப்போ லேப்டாப்ல கமெண்ட் ஓடுது. 'பின்னாடி யாரு?' அப்புறம், 'முறுக்கா, சீடையா?' அப்புறம் சிரிக்கிற மூஞ்சியா வரிசை கட்டுது.

கேமரா பீரோவுக்குள்ள இருந்து என்னைப் பாக்குதா? எனக்குப் பின்னாடி திறந்த கதவு. கதவுக்குப் பின்னாடி ஹால். ஹால்ல, டியூப் லைட்டுக்கு நேர் கீழ, அத்தை. மடியில பாப்பா தூங்குது. எந்திரிக்க முடியல. சாயங்காலம் காய்ச்சின பால் அடுப்படியில ஆறிப்போய்க் கிடக்கு, பக்கத்துல எட்டுற தூரத்துல ஒரு சாத்தூர் சேவு பாக்கெட். அத்தை கையை விட்டு ஒண்ணொண்ணா எடுத்து, சத்தம் வராம, வாய்க்குள்ள ஊற வச்சுத் தின்னுக்கிட்டு இருக்காங்க. என் மைக்ல ஒரு சின்னச் சத்தம்கூட விழல. அதுல மட்டும் நல்ல கவனம்.

சரோஜா சித்தி கமெண்ட் போட்டாங்க. அதை நான் அப்படியே மனப்பாடமா வச்சிருக்கேன். 'அக்கா, சூரன் இன்னும் சாகவே இல்ல, அதுக்குள்ள சேவு பாக்கெட்டைச் சாச்சுட்டியே.'

இப்போ உங்ககிட்ட நியாயம் கேக்குறேன். இதுல என் தப்பு என்ன? நான் அங்க போய் உக்காரச் சொன்னேனா? சேவு வாங்கிக் குடுத்தேனா? கமெண்டைப் பாத்த உடனே ஏன் நிப்பாட்டலைன்னு எங்க வீட்டுக்காரர் கேக்குறார். பாட்டை நடுவுல நிப்பாட்டலாமா? முருகன் பாட்டு! முடிச்சிட்டுத்தான் நிப்பாட்டணும். கடைசி வரியை ஏன் மூணு தடவை பாடினேன்னு கேக்குறார். கடைசி வரியைத் திருப்பிப் பாடுறது முறைண்ணே. எல்லாரும் பாடுறதுதான். ஆமா, மத்த நாள் ரெண்டு தடவை பாடுவேன். அன்னிக்கு மூணு இல்ல, அஞ்சு தடவை வந்திருச்சு. மெட்டு அப்படி அமைஞ்சு போச்சு. நகர்ந்து நின்னு மறைச்சிருக்கலாமேன்னு கேட்டார். நான் கொஞ்சம் நகர்ந்தேன்தான். எந்தப் பக்கம் நகர்ந்தேன்னு இப்போ எனக்கு ஞாபகம் இல்ல.

அன்னிக்கு ராத்திரிக்குள்ள சொந்தக்காரங்க எல்லாருக்கும் அந்த வீடியோ போயிருச்சு. மறுநாள் காலையில அத்தை போனை எடுக்கவே இல்ல. அடிச்சு அடிச்சு ஓய்ஞ்சுது. ஆறாம் நாள் பாலும் குடிக்கல, பழமும் சாப்பிடல. என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நான் பதிலுக்கு நாலு சொல்லிட்டுப் போயிருப்பேன். திட்டாம இருந்து என்னை எவ்வளவு கஷ்டப்படுத்தினாங்க தெரியுமா?

ஞாயித்துக்கிழமை இவர் போன் பண்ணார். "எங்கம்மா மானத்தை அறுநூறு பேர் முன்னாடி வாங்கிட்ட. மாசக் கடைசியோட லைன் கட். பாட்டும் கட்." நான் சொன்னேன், "லைனை வேணா வெட்டிக்கோங்க. பாட்டை வெட்டுற கட்டர் இன்னும் கடைக்கு வரல." போனை வச்சிட்டார். எனக்கு ஒண்ணும் ஆகல. அன்னிக்குச் சாம்பார்ல ரெண்டு தடவை உப்புப் போட்டுட்டேன், அது பாப்பா அழுததால.

நான் நிப்பாட்டினேனா? அடுத்த செவ்வாயும் பாடினேன், வெள்ளியும் பாடினேன். பக்கத்து வீட்டு அக்கா, "கதவுல ஒரு போர்வையாவது தொங்க விடேன்டி"ன்னாங்க. மாட்டேன்னுட்டேன். தப்பு செஞ்சவதான் திரை போடணும். அப்புறம் அத்தையே ஏழு மணிக்குப் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு அடுப்படியில போய் மணையைப் போட்டு உக்காந்துட்டாங்க. சீரியலும் இல்ல, ஃபேனும் இல்ல, ஒரு புழுக்கம் அங்க. அரை மணி நேரம். பாட்டு முடிஞ்சு போய்ப் பாத்தா பாப்பா தலைக்கு விசிறிக்கிட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் பாப்பாவை என் கையில குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. கௌரவத்தைப் பாத்தீங்களா?

இன்னிக்குச் செவ்வாய். ஏழு மணிக்கு லைவ் இருக்கு. நீங்க வெட்டிட்டுப் போங்க, பரவாயில்ல. நான் போன் டேட்டாவுல போடுவேன். டேட்டா தீர்ந்தா பஸ் ஸ்டாண்ட்ல நின்னு பாடுவேன். அங்கயும் யாராவது வந்து விரட்டினா அடுத்த பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன். வாயை மூடிக்கிட்டு அந்த ரூம்ல தனியா, பிள்ளை மூக்குல விரலை வச்சுக்கிட்டு என்னால உக்கார முடியாதுண்ணே. முடியாது. யார் சொன்னாலும் முடியாது. இதை எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்ல வந்தேன், அதுக்குள்ள போனை வச்சிட்டார். நீங்களாவது முழுசாக் கேட்டீங்க.

அவ்வளவுதான். எடுங்க கட்டரை.

என்னண்ணே, டிரில்லை எடுக்குறீங்க? வெட்டுறதுக்கு எதுக்கு டிரில்?

என்ன? வெட்ட வரலையா?

அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் சொல்லல? நான் பேச விடலையா? சரி, இப்போ சொல்லுங்க. யார் போன் பண்ணது? செண்பகவல்லியா? அது எங்க அத்தை பேருதான். லைனும் அவங்க பேர்லதான் இருக்கு. அவங்களுக்கு ஆஃபீஸ் நம்பர் எப்படித் தெரியும்? பில்லைக் கையில வச்சுக்கிட்டுப் பேசினாங்களா? கண்ணாடி இல்லாம அவங்களுக்கு எழுத்தே தெரியாதே.

காட்டுங்க போனை. நானே படிக்கிறேன்.

'மோடத்தை ஹாலில் இருந்து உள் அறைக்கு மாற்ற வேண்டும். கதவைச் சாத்துவதற்கு வசதியாக இருக்க வேண்டும்.'

பாத்தீங்களா! பாத்தீங்களா, கதவைச் சாத்தணுமாம்! என்னை உள்ள வச்சுச் சாத்திட்டு, ஹால்ல ராணி மாதிரி உக்காந்து... இருங்க, கீழ இன்னொண்ணு இருக்கு.

'மகன் லைனைத் துண்டிக்கச் சொன்னால் செய்ய வேண்டாம். இணைப்பு என் பெயரில் உள்ளது. வேலையை ஏழு மணிக்கு முன்பு முடிக்கவும். வீட்டில் பாட்டு இருக்கிறது.'

இது யார் எழுதினது? அவங்க சொல்லச் சொல்ல ஆஃபீஸ்ல இருக்கிற பொண்ணு டைப் பண்ணதா?

'வீட்டில் பாட்டு இருக்கிறது.' இப்படியே சொன்னாங்களா? உங்க ஆஃபீஸ் பொண்ணுக்குச் சரியாக் கேட்டுச்சா? இவரும் போன் பண்ணாரா? வெட்டச் சொல்லியா? அதுக்கு அத்தைகிட்டக் கேட்டப்போ... என்ன சொன்னாங்க? "அவன் ஓசூர்ல இருக்கான், அவனுக்கு என்ன தெரியும்"னா? எங்க அத்தையா? சேவு சாப்பிட்ட அத்தையா?

ஒண்ணுமில்லண்ணே. தூசி. நீங்க டிரில்லைப் போட்டதுல செவத்துல இருந்து விழுது.

இன்னும் போடவே இல்லையா? சரி.

மணி என்ன? அஞ்சே கால். அப்போ முடிச்சிடலாம். இங்க, இந்த மூலையில போடுங்க, நிலைக்கு மேல, தேக்குல படாம. பெட்டியை இந்தப் பிளக் பக்கத்துலயே மாட்டுங்க. ஹால்ல ஓட்டை தெரியக் கூடாது, அடைச்சிருங்க. அவங்களுக்குச் செவரு சுத்தமா இருக்கணும்.

அப்புறம் ஒரு விஷயம். நீங்க முடிக்கிறதுக்குள்ள அவங்க வந்திருவாங்க. மருமக என்ன சொன்னான்னு உங்ககிட்ட கட்டாயம் கேப்பாங்க. உடனே சரின்னுட்டான்னு மட்டும் சொல்லிடாதீங்கண்ணே. சண்டை போட்டான்னு சொல்லுங்க. கதவைச் சாத்த மாட்டேன்னு கத்தினான்னு சொல்லுங்க. கடைசி வரைக்கும் அவ ஒத்துக்கவே இல்ல, நான்தான் வலுக்கட்டாயமா ஓட்டை போட்டேன்னு சொல்லுங்க.